முன் ஆக்சிலில் அடைத்த பஞ்சு

எங்கள் வீட்டுக்கு ஜீப் வந்ததே அய்யா கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் விசைப்படகு ஓட்டுநர். ராமேசுவரத்தில் எங்கள் தெரு ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு படகில் ஏதாவது ஒரு வேலை பார்த்தார்கள். மிச்சக் கால்வாசி, பார்த்து முடித்தவர்கள். அப்படிப்பட்ட தெருவில் கை காலெல்லாம் திடமாக இருக்கிற ஒரு மனிதர் கடலை விட்டுவிட்டு ஜீப் வாங்கினால் அது சும்மா போகிற செய்தியா? ஒரு வாரத்துக்கு எங்கள் வாசலில் ஆள் குறையவே இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அய்யா ஓட்டிய படகு இன்ஜின் நின்றுபோய் நாலு நாள் கடலில் மிதந்தது. ஐந்தாம் நாள் வேறொரு படகு பார்த்து இழுத்து வந்தது. கரையில் எல்லாப் பெண்களும் அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. உதடு வெடித்து, நிற்க முடியாமல் இறங்கியவரைக் கையைப் பிடித்து நேரே அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். "இனிமே இவரு கடல்ல கால் வைக்க மாட்டாரு" என்று அந்தோணியாருக்கு முன்னால் நேர்ந்துகொண்டாள். அய்யா தலையை ஆட்டினார். நாலு நாள் வயிறாரத் தண்ணீர் குடிக்காதவர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நேர்ச்சை வைத்தாயிற்று, அதோடு கடல் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஜீப் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது மிளகாய் மூட்டையும் ஆடும் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. வெயில் ஏறினால் இருக்கையின் சந்துகளிலிருந்து மிளகாய்த் தூசி கிளம்பும். முதல் ஒரு மாதம் ஏறியவர்கள் எல்லோரும் தும்மினார்கள். அந்தக் காலத்தில் தனுஷ்கோடிக்கு இப்போது போல முனை வரைக்கும் தார்ச்சாலை கிடையாது. சாலை பாதியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலும், முழங்கால் அளவுத் தண்ணீரும்தான். சுற்றுலா வருகிறவர்களை அந்த மணலில் ஏற்றிக்கொண்டு போக, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும். பின் சக்கரம் மட்டும் சுற்றுகிற வண்டி அங்கேயே குழி பறித்து உட்கார்ந்துகொள்ளும். முன் சக்கரங்களைச் சுற்றவைக்கிற முன் ஆக்சில் நன்றாக இருந்தால் ஜீப்காரருக்குப் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. இது எனக்கே தெரிந்திருந்தது என்றால் அம்மா எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்ததிலிருந்து கரிசல் காட்டில் ஓடிய அந்த ஆக்சிலுக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. முன் சக்கரங்களின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து மணல் அப்பிக்கொண்டது. திருப்பினால் ஒரு கறகற சத்தம். ஏப்ரல் நடுவில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஜீப் மொத்தமாக நின்றுவிட்டது.

தடைக்காலம் என்றால் விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகக் கூடாத நாட்கள். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்கள் முடிவதற்குள் ஜீப் எழுந்து ஓட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அய்யா முன்பு ஓட்டிய படகின் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, நாலு நாளைக்கு ஒருமுறை எங்கள் வாசலில் வந்து நின்று, "ஜீப்பு எப்பிடி இருக்கு?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டுவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா வாசலில் தண்ணீர் தெளிப்பாள். பகல் பன்னிரண்டு மணியானாலும் சரி, தெளிப்பாள்.

இரண்டு மூன்று வாரம் அலைந்து, பரமக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அய்யா கூட்டி வந்தார். பழைய ஜீப் என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான் என்று பெயர். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். கடலைக் கண்டால் பயம். எட்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார், ஒரு நாள்கூட கடலில் கால் நனைக்கவில்லை. "அது பாட்டுக்கு வருது, போகுது. நமக்கெதுக்குங்க வம்பு" என்பார். அய்யாவை வேண்டுமென்றே "சம்மாட்டி, சம்மாட்டி" என்று கூப்பிடுவார். படகு இல்லாமலே சம்மாட்டியாகிவிட்டதில் அய்யாவுக்கு வெட்கமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் குழம்பின் நடுத்துண்டு மெக்கானிக்குக்குத்தான். அய்யாவுக்கு வால். எனக்கு முள். "அண்ணே, இன்னொரு அகப்பை ஊத்தட்டா?" என்று அம்மா கேட்பதும், அவர் தட்டுக்கு மேல் கையை விரித்துக்கொண்டே "கொஞ்சமா" என்று சொல்வதும் நடக்கும். என் கூடப் பிறந்த மாமா வந்தபோதுகூட அம்மா அப்படிக் கவனித்ததில்லை என்று எழுத வந்தேன். மாமா அம்மாவின் கூடப் பிறந்தவர். கோபத்தில் உறவுமுறையே மாறிப்போகிறது. அந்த நடுத்துண்டை நான் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது.

ஜீப்பின் முன்பக்கத்தைப் பனந்தடிகளின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். சக்கரம், அதற்குப் பின்னால் டிரம், அதற்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் வரிசையாக அடுக்கினார் மெக்கானிக். சக்கரம் திரும்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் தேங்காய் அளவு இரும்பு உருண்டைகள் இருந்தன. அவை வழவழவென்று இருக்க வேண்டுமாம். துரு தின்று அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல் இருந்தன. "உள்ள இருக்கிற எண்ணெயக் காக்குறது இந்த உருண்டையும் அதை ஒட்டி இருக்கிற சீலுந்தான். இது சொரசொரன்னு இருந்தா சீலு கிழிஞ்சிரும். எண்ணெ வெளிய, உப்புத்தண்ணி உள்ள" என்றார். உப்புத் தாளை வைத்துத் தேய்த்தார், தேய்த்தார், இரண்டு நாள் தேய்த்தார். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலை எனக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு உருளையாகத் தேய்ப்பேன். நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய், முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பில் கன்னியாஸ்திரி கையை நீட்டச் சொன்னபோது நான் மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் மெக்கானிக் வீட்டுக்குள் வந்து, மீன் எடை போடுகிற கொக்கித் தராசு இருக்கிறதா என்று கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தாள். புதுப் பேரிங் போட்டு இறுக்கிய பாகத்தில் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தார். முள் எங்கே வரும்போது அது அசைகிறது என்று பார்த்தார். ரொம்ப லேசாகத் திரும்பினால் சக்கரம் ஆடுமாம். ரொம்ப இறுக்கமாக இருந்தால் பேரிங் தேய்ந்துவிடுமாம். தாளைவிட மெல்லிய தகடு ஒன்றை எடுப்பார், இழுத்துப் பார்ப்பார், இன்னொன்றைச் சொருகுவார், மறுபடி இழுப்பார். வஞ்சிரமும் பாறை மீனும் தொங்கிய தராசில் ஒரு ஜீப்பின் கழுத்து தொங்கியதை அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "எவ்வளவு நிக்குது அண்ணே?" என்று மீன் வாங்க வந்தவள் மாதிரி கேட்டாள். சரியாக நிற்கிறது என்று அவர் சொன்னபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சோறு வடித்தது அன்றைக்குத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மரப்படகுகளைக் கரையேற்றினால் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் பழைய பஞ்சைக் கிளறி எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு அடைப்பார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசையைப் பூசுவார்கள். அடைப்பதற்கு முன்னால் சிறு பிள்ளைகளைப் படகின் அடிவயிற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். உள்ளே கும்மிருட்டு. மல்லாந்து படுத்துக்கொண்டு, எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் உள்ளேயிருந்து தட்ட வேண்டும். வெளியே நிற்கிறவர் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். பெரியவர்கள் புக முடியாத மூலைக்கெல்லாம் நான் புகுவேன். ஊசி நுழைகிற ஓட்டையைக்கூட விட்டதில்லை. "இந்தப் புள்ள கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது" என்று அய்யாவே நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படியெல்லாம் சொன்னதில்லை. ஆகவே ஓட்டை பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

எட்டாம் நாள் வேலை முடிந்தது. மதியம் ஆண்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் தலை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் புதுநன்மை வகுப்பு முடிந்து வந்த நான், என் பேரிங்குகள் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கத் திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஒரு புது ரப்பர் குழாய் தெரிந்தது. காலையில் அது இல்லை. ஒரு முனை கீழே ஆக்சிலின் மேல் பொருத்தியிருந்தது. மறு முனையை மேலே கொண்டுவந்து கம்பியால் கட்டி, எதனோடும் சேர்க்காமல் சும்மா விட்டிருந்தார்கள். வாய் திறந்தே இருந்தது. சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

எட்டு நாள் தேய்த்துக் கழுவி இறுக்கி, தண்ணீர் போகக் கூடாது, தண்ணீர் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்கிறாரே! பரமக்குடிக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நானே அடைத்துவிட்டால், என்றைக்காவது கண்டுபிடித்து, "அடேயப்பா, இதை யாரு பாத்தது?" என்று எல்லோரும் கேட்பார்கள் அல்லவா? அந்த ஆசை. பக்கத்தில் கரையேற்றியிருந்த படகுக்கு ஓடினேன். ஒரு பிடி பஞ்சும், சிரட்டையில் கொஞ்சம் குங்கிலியப் பசையும் எடுத்து வந்தேன். பஞ்சைத் திரித்துக் குழாயின் வாயில் வைத்து, ஆணியால் குத்திக் குத்தி ஏற்றி, மேலே பசையை அப்பினேன். ஊதிப் பார்த்தேன். ஊசிமுனை அளவு காற்றுகூடப் போகவில்லை. அந்தோணியாருக்கு என் பங்குக்கு நானும் ஒரு உதவி செய்துவிட்டதாகத்தான் பட்டது.

ஜீப் அருமையாக ஓடியது. முதல் ஓட்டம் கோயிலுக்கு. அம்மா முன் இருக்கையில் கையில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் நடுங்கவில்லை. மறுநாளிலிருந்து சவாரி. கோடை விடுமுறை என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நாலாம் நாள் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்தது. அய்யா துடைத்துவிட்டார். ஆறாம் நாள் இன்னும் கசிந்தது. மறுபடி துடைத்தார். ஒன்பதாம் நாள், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு நடுவே போகும்போது முன்பக்கம் கடகடவென்று அடித்து, படக்கென்று ஏதோ உடைந்து, வண்டி நின்றுவிட்டது. வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கரைக்குப் போனார்களாம். வேறு இரண்டு ஜீப்புகள் சேர்ந்து எங்கள் ஜீப்பை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தன. தடைக்காலம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

மெக்கானிக் முதல் பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எட்டு நாளு நடுத்துண்டா எடுத்துப் போட்டேனே அண்ணே! வேல பாத்தீகளா, வெளயாடிட்டுப் போனீகளா?"

அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. தரையில் படுத்து ஆக்சிலுக்கு அடியில் போனார், தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்தார். எழுந்து பானெட்டைத் தூக்கினார். குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே வந்த கை, முனையில் வந்ததும் நின்றது. ஸ்குரூ டிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். பஞ்சு வெளியே வந்ததும் குழாய் புஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"இது மூச்சுவிடுற குழாயிங்க" என்றார் மெக்கானிக், அம்மாவைப் பார்த்து. "ஓடுறப்ப உள்ள சூடாகும். காத்து விரியும். வெளிய போக வழி வேணும். இதை அடச்சா சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெ வெளிய வந்துரும். சூடா இருக்கிறது தண்ணிக்குள்ள எறங்குனா படக்குன்னு குளிரும். அப்ப அதே சீலு வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சிக்கிரும். நான் மெனக்கெட்டு மேல தூக்கிக் கட்டுனதே தண்ணி எட்டக் கூடாதுன்னுதான்." பிறகு அடிப்பக்கத் திருகைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய்க்குப் பதிலாகப் பால் விட்ட டீ போல ஏதோ ஒழுகியது. அதோடு உடைந்த பல் ஒன்று, இரும்புப் பல், அவர் கையில் விழுந்தது.

அவர் பஞ்சு உருண்டையை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் நீட்டினார். "யாரு பாத்த வேல இது?"

தரை பிளக்காதா என்று என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் அடச்சேன்" என்றார் அய்யா.

மெக்கானிக் அய்யா பக்கம் திரும்பினார். "சம்மாட்டி, அன்னைக்குப் பகல்ல உங்களுக்குத்தானே வெளக்கிச் சொன்னேன், இது எதுக்குன்னு? இன்ஜின் ஓட்டுன ஆளு நீங்க."

"சொன்னீக. மறந்துபோச்சு. கை பழகிப்போச்சுல்ல, ஓட்டையக் கண்டா அடைக்கச் சொல்லுது."

அம்மா அந்தப் பஞ்சைப் பார்த்தாள். அய்யாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். மெக்கானிக்குக்கு அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு.

மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் தேடி, உடைந்த பாகத்துக்கு மாற்று எடுத்து வந்து ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். "பாப்போம்" என்றார் அய்யா. நிஜச் சம்மாட்டியும் அன்று மாலையே வந்தார். படகுக்கு ஓட்டுநர் இல்லையாம், ஒரே ஒரு தடவை வந்து ஓட்டிக் கொடுத்தால் போதுமாம். தடைக்காலம் முடிந்த அன்று அய்யா போனார். அடுத்த தடவையும் போனார். அப்புறம் எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்கவில்லை. ஜீப் முன் சக்கரம் இல்லாமல் பனந்தடிமேல் நின்றது. எங்கள் கோழி அதன் பின் இருக்கையில் முட்டை வைத்தது. மழைக்கு முன்னால் மறுபடி முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவரே வந்து அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா மூன்று மாதம் அய்யாவிடம் பேசவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் நான்தான் தபால்காரி. "சோறு ஆறுதுன்னு ஒங்க அய்யாகிட்ட சொல்லு" என்பாள், அவர் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "கேட்டுச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். அய்யா கடலில் இருக்கும் நாட்களில் அம்மா வாய்க்கு மீன் போகாது. கேட்டால் வயிறு சரியில்லை என்பாள். வாரத்தில் மூன்று நாள் சரியில்லாமல் போகிற வயிறு என்ன வயிறு என்று எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் என்னால்தான். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புதுநன்மைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். மற்றப் பிள்ளைகள் பொய் சொன்னது, மாங்காய் திருடியது என்று வரிசையாகப் போய்ச் சொன்னார்கள். நான் முழங்காலிட்டு, "சாமி, நான் முன் ஆக்சில அடச்சுப்புட்டேன்" என்றேன். "எதைம்மா?" என்றார் சாமியார். ஆக்சில், அதன் மூச்சுக்குழாய், உப்புத்தண்ணீர், சீல் எல்லாவற்றையும் விளக்கினேன். என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் பாவத்தின் நீளத்தைக் கண்டு மிரண்டுபோயிருப்பார்கள். அய்யா தன்மேல் போட்டுக்கொண்டார், இப்போது கடலுக்குப் போகிறார், அவருக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். நான் முந்நூறு சொன்னேன். அப்படியும் படகு திரும்புகிற நாளில் துறைக்கு ஓடிப்போய், வருகிற படகுகளை எண்ணிக்கொண்டு நிற்பதை நான் நிறுத்தவில்லை. ஹாஸ்டலில் படிக்கப் போன பிறகும், காற்று பலமாக அடித்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். அய்யா என்னை அடிக்காமல் விட்டதற்காக, காட்டிக்கொடுக்காமல் விட்டதற்காக, உலகத்தில் யாரிடமும் வைக்காத பிரியத்தை அவரிடம் வைத்திருந்தேன்.

அய்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலும் பதினான்கு வருடம் ஓட்டினார். மூட்டுவலி வந்துதான் இறங்கினார். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற படகுகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் நானும் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அம்மா, அந்த ஜீப்புல பஞ்சு அடச்சது அய்யா இல்ல. நான்."

அம்மா தலை நிமிரவில்லை. செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். ஒங்க அய்யா அடச்சா அப்பிடியா இருக்கும்? எத்தன வருசமா போட்டுக்குப் பஞ்சு அடைக்கிற கை அது. தடவுனா பலக எது பஞ்சு எதுன்னு தெரியாது. நீ கோழிக்கு மாவு உருட்டுன மாதிரில்ல மொத்தையா அப்பி வச்சிருந்த."

"தெரிஞ்சுமா மூணு மாசம் அவருகூடப் பேசாம இருந்த?"

அம்மா கத்தியைக் கழுவினாள். எனக்கும் கழுவிக் கொடுத்தாள்.

"புள்ள செஞ்சதுன்னு சொல்லியிருந்தா நாலு அடி வச்சிருப்பேன். மெக்கானிக்கு மதுரைக்குப் போயிருப்பாரு. ஒரு வாரத்துல வண்டி ஓடியிருக்கும். அவரு அப்பிடிச் சொல்லல. கேட்ட ஒடனே, யோசிக்கக்கூட இல்ல, நாந்தான்னாரு. அப்ப அவரு மூஞ்சியப் பாத்தேன். கடல்ல இருந்து இழுத்துட்டு வந்தாகளே, அதுக்கப்பறம் அந்த மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. கடலுக்குக் கெளம்புறப்ப இருக்குற மூஞ்சி, அப்பிடி ஒரு தெளிவு. இனி இந்த மனுசனக் கரையில கட்டிப்போட முடியாதுன்னு எனக்கு வெளங்கிப்போச்சு. கோவம் இல்லாம இருக்குமா? அந்தோணியாருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆனா தடைக்காலம் முடிஞ்ச அன்னைக்கு அவருக்குச் சோத்துத் தூக்குக் கட்டுனது யாரு? நாந்தான் கட்டுனேன்."

வாசலில் அய்யா யாரிடமோ, அந்தப் படகு பக்கவாட்டில் சாய்கிறது, பனிக்கட்டியைச் சரியாக அடுக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பகலில் வாசலில் நின்ற குற்றவாளி நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அய்யா வாய் திறந்தார் என்றும், அவரை வெறுத்துத்தான் அம்மா வாய் மூடினாள் என்றும் நினைத்தேன். என் தலைக்கு மேலே இரண்டு பேர், ஒரு வார்த்தைகூட இல்லாமல், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைத் தூக்கியிருந்தால் ஒருவேளை பார்த்திருப்பேன். பார்த்திருந்தாலும், ஒன்பது வயதில், அய்யா எதற்கோ சந்தோஷமாக இருக்கிறார் என்று மட்டும்தான் நினைத்திருப்பேன்.